சம்பந்தியின் ரெட்டை அச்சுக் காசு

திருப்பரங்குன்றத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடுவோம். எல்லோரும் காசு சேர்க்கிறவர்கள். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு லென்ஸ் இருக்கும். ஒவ்வொருவர் மனதிலும் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் இருக்கும். அந்தக் கூட்டத்தில் நான் ஒரு முக்கியப் புள்ளி. இதை நானே சொல்லிக்கொள்வது நன்றாக இல்லைதான். ஆனால் அங்கே வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

மற்றவர்கள் பாண்டியர் காசு, டச்சுக்காரன் காசு என்று பெருமையடிப்பார்கள். நான் சேர்ப்பது ‘எரர்’ காசு. நாணயச் சாலையில் தப்பாக அச்சாகி, யார் கண்ணிலும் படாமல் தப்பித்து வெளியே வந்த காசு. அலுவலகத்திலும் எனக்குத் தணிக்கைப் பிரிவுதான். மாதம் முழுக்க அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் ஞாயிற்றுக்கிழமையும் அதையே சும்மா செய்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் பாதி உண்மை. சம்பளம் தருகிற வேலையில் நான் அவ்வளவு கவனமாகப் பார்ப்பதில்லை.

அந்த வீடியோக்கள் வந்த பிறகுதான் எங்கள் நிம்மதி போனது. ‘இந்தக் காசு உங்க வீட்ல இருக்கா? நீங்க லட்சாதிபதி!’ என்று சிவப்பு அம்புக்குறி போட்டு ஒருவர் கத்துகிறார். மறுநாள் ஊரே உண்டியலைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அவனியாபுரத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோக்காரர் சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டு மாடிக்கு ஏறி வந்தார். அப்பளம் மாதிரித் தட்டையான ஒரு ரூபாயை நீட்டினார்.

“அண்ணே, இது எம்புட்டுக்குப் போகும்?”

“இது ரயில் ஏறின காசு.”

“ரயில் ஏறினா எரர் இல்லையாண்ணே?”

“எரர்தான். தண்டவாளத்துல வச்சவரோட எரர்.”

அவர் என்னை நம்பவில்லை. வீடியோக்காரர் சிரித்த முகமாகச் சொல்கிறார், நான் எரிந்து விழுகிறேன். யாரை நம்புவார்கள்?

வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ரெட்டை அச்சு. எழுத்து இரண்டாகத் தெரிந்தால் போதும், ரெட்டை அச்சு என்று முடிவுகட்டி வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். இங்கேயும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தது புரிய வேண்டுமே.

காசு அடிக்க ஓர் அச்சு வேண்டும். அந்த அச்சைச் செய்ய ஒரு தாய் அச்சு உண்டு. தாய் அச்சை எஃகின் மேல் வைத்து அழுத்தினால் எழுத்தும் சிங்கமும் குழியாகப் பதியும். ஒரே அழுத்தில் சரியாகப் பதியாவிட்டால் மறுபடி அழுத்துவார்கள். அந்த இரண்டாவது அழுத்து முதல் பதிவின் மேல் சரியாக உட்காராமல் மயிரிழை விலகினால் அச்சிலேயே எழுத்து இரட்டையாக விழுந்துவிடும். அதற்குப் பிறகு அந்த அச்சில் பிறக்கும் ஒவ்வொரு காசும் அதே இரட்டை எழுத்தோடுதான் பிறக்கும். இதுதான் ரெட்டை அச்சு.

இன்னொன்று இருக்கிறது. அச்சில் குற்றம் இருக்காது. அதை இயந்திரத்தில் பிடித்திருக்கும் பிடி தளர்ந்திருக்கும். காசை அடித்த கையோடு அச்சு லேசாக ஆடி எழுத்தின் ஓரத்தை இழுத்துவிடும். நாங்கள் இதை ஆட்டம் என்போம். அலுவலக ரப்பர் ஸ்டாம்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்பிலேயே எழுத்தை இரண்டு தடவை வெட்டியிருந்தால் எந்தக் காகிதத்தில் குத்தினாலும் ஒரே மாதிரி இரட்டையாக விழும். ஸ்டாம்ப் சரியாக இருந்து, குத்துகிறவர் கை ஆடினால் அந்த ஒரு காகிதத்தில் மட்டும் இழுபடும். முன்னது அபூர்வம். பின்னது எங்கள் அலுவலகத்தில் தினமும் நடப்பது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, பொறுமை இருந்தால். எழுத்தின் மூலையைப் பார்க்க வேண்டும். ரெட்டை அச்சில் மூலை பிளந்திருக்கும். இரண்டு எழுத்தும் ஒரே உயரத்தில் உருண்டையாக நிற்கும். சேர்ந்து பார்த்தால் எழுத்து தடித்திருக்கும். ஆட்டத்தில் இரண்டாவது எழுத்தென்று ஒன்று கிடையாது. இருக்கிற எழுத்தின் ஓரம்தான் நசுங்கி, படிக்கட்டு மாதிரித் தட்டையாக இறங்கியிருக்கும்; எழுத்து மெலிந்திருக்கும். தேய்ந்த அச்சில் அடித்த காசு என்று மூன்றாவது ஒரு கோஷ்டி உண்டு. அதில் எழுத்து ஊதிப்போய், ஓரம் மழுங்கித் தெரியும். அதற்கும் லட்சம் கேட்டு வருகிறார்கள்.

இத்தனை பேசுகிறேனே, அசல் ரெட்டை அச்சு ஒன்றுகூட அதுவரை என் கைக்கு வந்ததில்லை. படத்தில் பார்த்திருக்கிறேன், கண்காட்சியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். கைக்கு வந்ததெல்லாம் ஆட்டம்தான்.

என் மகள் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ‘இப்ப ஒன்னாத் தெரியுதா, ரெண்டாத் தெரியுதா?’ என்று நாள் முழுக்க ஆட்களைக் கேட்பதுதான் வேலை. பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் தன் அப்பாவைக் கண்புரை ஆபரேஷனுக்குக் கூட்டிவந்தான். அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து பார்வை தெளிந்தது. பையன் மட்டும் ஏனோ அடிக்கடி கண்ணைப் பரிசோதிக்க வந்துகொண்டிருந்தான். விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது கொஞ்சம் சத்தம் எழுந்தது. பிறகு விசாரித்ததில் இரண்டு குடும்பமும் ஒரே சாதி ஆட்கள் என்று தெரிந்தது. சத்தம் அப்படியே அடங்கி, பெரியோர்கள் நிச்சயித்த திருமணம் என்று பத்திரிகையில் போட முடிவானது.

பையனின் அப்பாவுக்கு ஊரில் நிலம், பேரையூரில் உரக்கடை. பேசி முடிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. நான் காசு சேர்க்கிறவன் என்று யாரோ சொல்லிவைக்க, மனிதருக்கு முகமெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு விபூதி டப்பாவை எடுத்தார். திறந்தால் பட்டுத் துணி. துணிக்குள் ஒரு இரண்டு ரூபாய்.

“ரெட்டை அச்சு சம்பந்தி” என்றார் ரகசியமாக. “கண்ணுக் கட்டு பிரிச்ச அன்னைக்கு மொத மொத கல்லாவுல கண்ணுல பட்டது. கண்ணுதான் இன்னும் சரியாகலையோன்னு பயந்துட்டேன். அப்பறம் வீடியோவுல பாத்தாத்தான் தெரியுது, காசே அப்புடி. பாத்துச் சொல்லுங்க.”

லென்ஸை வைத்தேன். மூலையைப் பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. ஓரமெல்லாம் தட்டை. பச்சை ஆட்டம்.

வாயைத் திறந்தேன். எதிரே கேசரித் தட்டோடு என் மனைவி நின்றாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் நான் அறிந்த பார்வைகள் பல. இது புதிது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மகளின் கொலுசுச் சத்தம் நின்றுபோனது. உரக்கடைக்காரர் பட்டுத் துணியைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் வாங்க நிற்கிறவர் போல என் முகத்தையே பார்த்தார்.

“நல்லாருக்கு” என்றேன்.

நம் ஊரில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பிறந்ததிலிருந்து சாகும் வரை காலம் தள்ளிவிடலாம். உப்பில்லாத சாம்பாரைப் பற்றிக் கேட்டாலும் நல்லாருக்கு, தூரத்துச் சொந்தக்காரர் கட்டிய வீட்டைப் பற்றிக் கேட்டாலும் நல்லாருக்கு. சொல்கிறவருக்கும் அதில் பொருள் இல்லை, கேட்கிறவரும் பொருளை எதிர்பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் அந்தச் சொல் ஆகாது. கல்யாண வீட்டுப் பாயசத்தைப் பற்றி உண்மை சொல்லிப் பல வீட்டுப் பத்திரிகைகள் எனக்கு வராமலே நின்றிருக்கின்றன. அப்பேர்ப்பட்ட நான் சொன்ன முதல் நல்லாருக்கு அது. உரக்கடைக்காரர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போனதும் மனைவி சொன்னாள். “இங்க பாருங்க. கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் அந்தக் காசு ரெட்டை அச்சுதான்.”

“அது ஆட்டம்டீ.”

“ஆடுனா ஆடிட்டுப் போகுது. நீங்க ஆடாம இருங்க.”

மகளிடம் கேட்கலாம் என்றால் அவள், “எந்தக் காசுப்பா? நான் சரியாப் பாக்கல” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பையன் மேல் அவளுக்கு எவ்வளவு ஆசை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. லென்ஸைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு நல்லாருக்கோடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அங்கேதான் என் கணக்கு தப்பிவிட்டது. மதுரையில் பெரிய நிபுணரே பார்த்துச் சொல்லிவிட்டார் என்று பேரையூர் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது காசு பூஜை அறையில், வெள்ளித் தட்டில், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வீற்றிருந்தது. காசு சேர்க்கிறவன் பார்க்கக் கூடாத காட்சி அது. அசல் ரெட்டை அச்சாகவே இருந்திருந்தாலும் அந்தக் குங்குமத்தோடு அதன் கதை முடிந்திருக்கும். எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லாருக்கு என்றேன். மோட்டார் ரூம், மாட்டுக் கொட்டகை, ஆட்டுக்கறிக் குழம்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்ததில் அது தனியாகத் தெரியவில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. ஊரில் பெரிய மனிதர்களை ஒவ்வொருவராக எனக்கு போன் போட்டுக் கொடுத்தார். நான் பொய் சொல்வதில்லை என்று எனக்கே ஒரு வைராக்கியம் இருந்ததால் தணிக்கை அறிக்கை எழுதும் பாஷையில் பேசினேன். ‘எழுத்து இரண்டாகத் தெரிவது உண்மைதான்.’ ‘இவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிற ஒரு இரண்டு ரூபாயை நான் பார்த்ததில்லை.’ ஒவ்வொரு வாக்கியமும் சத்தியம். எல்லாம் சேர்ந்தால் முழுப் பொய்.

நிச்சயதார்த்தம் திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்தில். தட்டு மாற்றும் நேரம். வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, தேங்காய் என்று அடுக்கிய மாப்பிள்ளை வீட்டுத் தட்டின் உச்சியில் விபூதி டப்பா உட்கார்ந்திருந்தது. சம்பந்தி மைக்கைப் பிடித்தார்.

“ரெண்டு மனசு ஒன்னாச் சேருற நேரத்துல, ஒத்தக் காசுல ரெண்டு அச்சு விழுந்தது எங்க வீட்டுக்கு வந்திருக்குன்னா அது தெய்வச் செயல். இதப் பத்தி நம்ம சம்பந்தி ரெண்டு வார்த்தை சொல்லுவாக.”

மைக் என் கைக்கு வந்தது. மண்டபத்து மைக்கில் எதிரொலி வேறு. நான் ஒன்று சொன்னால் அதுவும் இரண்டாகக் கேட்டது. “இந்தக் காசை எந்தப் பக்கம் பார்த்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரிகிறது. இப்படி ஒரு காசை நிச்சயத் தட்டில் பார்ப்பது எனக்கு இதுவே முதல் தடவை” என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்து ஆட்கள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை அடக்குகிறார்கள் என்பது தோள் குலுங்குவதில் தெரிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். சந்தோஷத்தில் சம்பந்தி பெண் பக்கம் திரும்பினார். “எங்க மருமகளும் கண்ணு ஆஸ்பத்திரிதான? தாயி, உன் வாயாலயும் ஒரு வார்த்தை சொல்லு.”

மகள் காசைக் கையில் வாங்கினாள். சட்டென்று என்னைப் பார்த்து, “அப்பா, லென்ஸ்” என்றாள்.

கொடுக்காமல் இருக்க வழியில்லை. பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாகக் குனிந்து லென்ஸை வைத்தாள். மூலையைப் பார், மூலையைப் பார் என்று சின்ன வயதில் அவள் கழுத்தை அறுத்தவன் நான்தான். அவள் மூலையைத்தான் பார்த்தாள். என் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

“மாமா” என்றாள் மகள். “இது ரெட்டை அச்சு இல்ல மாமா. அடிக்கையில அச்சு ஆடிருக்கு. ஓரம் தட்டையா இறங்கிருக்கு பாருங்க.”

மைக் அணைந்திருக்கவில்லை.

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தான். பேரையூர்ப் பெரிய மனிதர்கள் என்னைப் பார்த்தார்கள். இந்தக் கல்யாணம் இதோடு போச்சு என்று நினைத்தேன். ஒரு ஆடின காசுக்காகவா என் பிள்ளையின் வாழ்க்கை போக வேண்டும் என்று அந்த நாணயச் சாலையையே மனதுக்குள் திட்டினேன்.

சம்பந்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு லென்ஸை வாங்கினார். மகள் மருதாணி விரலால் இடத்தைக் காட்டினாள். அவர் அவசரப்படவில்லை.

“ஆமா, தட்டையாத்தான் இருக்கு” என்றார். “எம்புட்டுக்குப் போகும் தாயி?”

“ரெண்டு ரூவாய்க்குப் போகும் மாமா.”

அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி தட்டிலேயே வைத்தார். “ஆப்பரேசன் பண்ணுன கண்ணையே இந்தப் புள்ள சரியாயிருச்சுன்னு சொன்னப்பறந்தான் நம்புனேன். காசுல நம்ப மாட்டேனா? தட்டுல ரெண்டு ரூவா இருந்தாத் தப்பில்ல, இருந்துட்டுப் போகட்டும். சாமி, நேரம் போகுது, தட்ட மாத்துங்க.”

தட்டு கை மாறும்போது என் காதருகே குனிந்தார். “நீங்களும் லென்ஸ் வச்சுத்தான பாத்தீக, சம்பந்தி?”

“பார்த்தேன்.”

“நல்லாருக்குன்னீக.”

“நல்லாத்தான இருந்துச்சு” என்றேன். அதுவும் மைக்கில் போய்விட்டது. மண்டபம் முழுக்கச் சிரித்தது.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மகளை நினைத்தால் பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் எதை முகத்தில் காட்டுவதென்று தெரியாமல் பந்தி பக்கம் போய்விட்டேன். மனைவி பின்னாலேயே வந்து, “அச்சு அசல் உங்களையே உரிச்சு வச்சிருக்கா. கல்யாணப் பொண்ணுன்னு ஒரு இது வேண்டாம்?” என்று பொரிந்தாள். அவள் திட்டுவதாக நினைத்துக்கொண்டாள். அச்சில் குற்றமில்லை, அடிக்கிற நேரத்தில் நான்தான் ஆடிவிட்டேன் என்று அவளிடம் சொல்லலாமென்று பார்த்தேன். பாயசம் வந்துவிட்டது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மகளும் மருமகனும் பழங்காநத்தத்தில் குடியிருக்கிறார்கள். சம்பந்திக்கு அந்த நிச்சயத்துக்குப் பிறகு காசுப் பித்து முற்றிவிட்டது. வீடியோவைத் தலைமுழுகிவிட்டு, ஒரு லென்ஸ் வாங்கி, மருமகளிடம் போனிலேயே சந்தேகம் கேட்டு, கடைக்கு வருகிற சில்லறையை மூலை மூலையாகப் பார்க்கத் தொடங்கினார். உர மூட்டைக்கு நிற்கிறவர்கள் நிற்க வேண்டியதுதான்.

போன மாதம் கண் பரிசோதனைக்கு மதுரை வந்தவர் மகள் வீட்டில் இருந்தார். நானும் போயிருந்தேன். மகள் வேலையிலிருந்து வரவில்லை. அவர் பையிலிருந்து அதே டப்பாவை எடுத்தார். இந்தத் தடவை பட்டுத் துணி இல்லை, குங்குமம் இல்லை. பஞ்சின் மேல் ஒரு ஐந்து ரூபாய்.

சும்மா ஒரு மரியாதைக்கு லென்ஸை வைத்தேன். எழுத்தின் மூலைகள் பிளந்திருந்தன. இரண்டு எழுத்தும் ஒரே உயரத்தில், உருண்டையாக, தடித்து நின்றன. வருஷத்தின் இலக்கங்களிலும் அதே பிளவு, அதே திசையில். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன், விளக்கைப் போட்டுப் பார்த்தேன். எங்கேயும் தட்டை இல்லை.

“சம்பந்தி” என்றேன். “இது அசல். அசல் ரெட்டை அச்சு. என் வாழ்நாள் முழுக்க இதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கேலி இல்லை, கோபம் இல்லை, நோயாளிக்கு ஆறுதல் சொல்கிறவரின் சிரிப்பு. காசை என் விரல்களிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“நீங்க தங்கமான மனுசன் சம்பந்தி. அடுத்தவுக மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுவீக” என்றார். “மருமக வரட்டும்.”

டப்பாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறதா என்று இருவரும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.